விதிச் சந்தேகமா, மனக்குறையா? மேசையில் கேட்கும் முறை

ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாகி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற மேசை ஆட்டங்களில் நான் நடத்துநர்; கதையைச் சொல்லி, ஆட்ட விதிகளில் தீர்ப்புச் சொல்வது என் வேலை. ஆட்டம் நடத்த உட்காரும்போது சாகசத் தாள்களுக்கும் பகடைகளுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டும் வைத்திருப்பேன். ஆட்டத்தின் நடுவே எழுந்து, அப்போதைக்கு ஒரு தீர்ப்புச் சொல்லித் தள்ளிவைத்த கேள்விகள் எல்லாம் அதில் இருக்கின்றன. பழைய பக்கங்களைப் புரட்டினால் ஒன்று தெரிகிறது. அவற்றில் பல விதியைப் பற்றிய கேள்விகளே அல்ல. கேட்டவருக்கு வேறு எங்கோ வலித்திருக்கிறது.

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து தங்களுக்குள் ஆடும்போது விதியை அவர்களே வளைத்துக்கொள்ளலாம். 2008இல் தொடங்கிய பாத்ஃபைண்டர் சொசைட்டி, 2014இல் தொடங்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அட்வென்சரர்ஸ் லீக் போன்ற, பல மேசைகளில் பொதுவாக ஆட்டம் நடத்தும் அமைப்புகளில் அது நடக்காது. அங்கே உங்கள் பாத்திரம் மேசை மேசையாக உங்களோடு வரும். இன்று நடத்தியவர் நாளை இருக்கமாட்டார். அதனால் எழுதியிருக்கும் விதியை நடத்துநர் தன் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது. எழுத்து தெளிவில்லாத இடத்தில் தீர்ப்புச் சொல்லும் உரிமை மட்டும் அவருக்கு உண்டு. போன மேசையில் கிடைத்த தீர்ப்பு இந்த மேசையைக் கட்டுப்படுத்தாது. "அவர் அனுமதித்தாரே" என்று தொடங்கும் வாதத்தை விட்டுவிடுங்கள்.

உங்கள் பாத்திரம் மாயத்தோற்றத்தையோ ஒளிந்து தாக்குவதையோ நம்பித்தான் நிற்கிறது என்றால் பத்து நிமிடம் முன்னதாக வாருங்கள். மேசைக்கு மேசை தீர்ப்பு மாறுபடும் இடங்கள் அவை. "நான் இப்படி ஆடப்போகிறேன், நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?" என்று அப்போதே கேட்டுவிடலாம். ஆறு பேர் காத்திருக்கும்போது கேட்டால் நடத்துநருக்கு யோசிக்க நேரம் கிடைக்காது.

ஆட்டத்தின் நடுவே கேட்பதாக இருந்தால் உங்கள் முறை வருவதற்கு முன்பே புத்தகத்தைத் திறந்துவைத்து, ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். எந்தப் பதிப்பு என்பதையும் சொல்லுங்கள். ஒருமுறை என் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையில் ஒரு மதகுரு பாத்திரம் ஹீலிங் வேர்ட் என்ற குணப்படுத்தும் மந்திரத்தை, கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனாகச் சொல்லித் தோழரை எழுப்பிவிட்டு, அதே முறையில் கையிலிருந்த மந்திரச் சுருளையும் வாசிக்க விரும்பியது. பக்கத்தில் இருந்தவர் "முடியாது" என்றார். பாத்திரத்துக்குரியவர் "முடியும்" என்றார். இருவர் கையிலும் புத்தகம் இருந்தது, இருவரும் சரியாகத்தான் படித்திருந்தார்கள். 2014 புத்தகத்தின்படி, போனஸ் ஆக்‌ஷனில் ஒரு மந்திரம் சொன்னால் அதே முறையில் ஒரு ஆக்‌ஷனில் சொல்லும் கேன்ட்ரிப் என்ற எளிய மந்திரத்தைத் தவிர வேறு மந்திரம் கூடாது. 2024 புத்தகத்தின்படி, ஒரு முறையில் ஒரு ஸ்பெல் ஸ்லாட்டை (அளவாகவே கிடைக்கும் மந்திர வாய்ப்பை) மட்டுமே செலவழிக்கலாம். சுருளுக்கு ஸ்லாட் தேவையில்லை, ஆகவே தடையில்லை. இந்த மேசை எந்தப் புத்தகத்தின்படி நடக்கிறது என்று கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். ஏழு நிமிடம் போனது. எழுப்பப்பட்ட தோழரை ஆடியவர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வளவு நேரமும் காத்திருந்தார்.

அதன் பிறகு எனக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு நிமிடத்துக்குள் பக்கம் கிடைக்கவில்லை என்றால் ஆட்டக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லி, நோட்டில் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். ஒரு பாத்திரம் சாகப்போகிறது என்றால் மட்டும் ஆட்டத்தை நிறுத்தித் தேடுவேன். மாதக்கணக்கில் வளர்த்த பாத்திரத்தை அவசரத் தீர்ப்பில் இழக்க யாரையும் விடக் கூடாது.

இனி, விதிக் கேள்வியாக வரும் மனக்குறை. வெடித்துப் பரவும் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தைப் பற்றி ஒரு ஆட்டக்காரர் ஒரே மாலையில் மூன்று முறை கேட்டார்: "ஃபயர்பால் நெருப்பு மூலை திரும்புமா?" திரும்பும், 2014 புத்தகம் தெளிவாகவே சொல்கிறது. இரண்டு முறையும் அதையே சொன்னேன். மூன்றாவது முறை அவர் முகத்தைப் பார்த்தேன். கண் புத்தகத்தில் இல்லை, எதிரே இருந்த மந்திரவாதியின் ஆட்டக்காரர் மேல் இருந்தது. இருபது அடி ஆரம், எட்டு ஆறுமுகப் பகடை, சராசரியாக 28 புள்ளிச் சேதம். அந்த வட்டத்துக்குள் கேட்டவரின் பாத்திரமும் நிற்கிறது என்று தெரிந்தே இரண்டு முறை வீசியிருந்தார் அந்த மந்திரவாதியை ஆடியவர். கேள்வி கேட்டவர் உண்மையில் கேட்க நினைத்தது "என்னைக் கேட்காமல் ஏன் வீசினாய்?" என்பதுதான். அதற்கு என்னிடம் பக்க எண் இல்லை. இடைவேளையில் இருவரையும் தனியாக அழைத்துப் பேசினேன். "தோழர்கள் உள்ளே இருந்தால் முதலில் கேட்பேன்" என்று மந்திரவாதியை ஆடியவர் ஒப்புக்கொண்டதும் மூலைக் கேள்வி மறுபடி எழவில்லை.

ஒரே விதியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம் என்று உங்களுக்கே தோன்றினால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பதில் உங்களுக்குப் பிடித்தபடி வந்தால் மனம் ஆறிவிடுமா? ஆறாது என்றால் அது விதி அல்ல. இடைவேளையில் நடத்துநரிடம் தனியாகச் சொல்லுங்கள். "அவர் மோசமானவர்" என்பதைவிட "என் முறையில் என்ன செய்ய வேண்டும் என்று அவரே மூன்று முறை சொன்னார், எனக்கு யோசிக்க இடமே கிடைக்கவில்லை" என்று சொன்னால் நடத்துநரால் உடனே ஏதாவது செய்ய முடியும். முறை தவறாமல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பதே பெரும்பாலும் போதும்.

கதையில் வரும் ஒன்று உங்களை வருத்தினால் இடைவேளை வரை பொறுக்க வேண்டாம். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு, அதாவது X குறியிட்ட அட்டை, இதற்குத்தான் மேசை நடுவில் கிடக்கிறது. அட்டையைத் தொட்டால் அந்தக் காட்சி நீங்கும். காரணம் சொல்லத் தேவையில்லை, யாரும் கேட்கவும் கூடாது. அட்டை இல்லாத மேசையில் "இதைத் தாண்டிப் போகலாமா" என்று சொன்னாலே போதும். தயங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்: உங்களுக்காக ஒரு காட்சியை வெட்டுவது எந்த நல்ல நடத்துநருக்கும் சுமையே அல்ல.

நடத்துநரே குறைக்குக் காரணம் என்றால் ஒருங்கிணைப்பாளரிடம் போங்கள். பாத்ஃபைண்டர் சொசைட்டியில் வென்ச்சர் ஆபீசர்கள் என்ற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அன்று இரவே எழுதிவிடுவது நல்லது: எந்தச் சாகசம், எந்த இடத்தில், யார் என்ன சொன்னார். இரண்டு நாள் கழித்தால் சொற்கள் மறந்து கோபம் மட்டும் மிஞ்சும்.

ஆட்டம் முடிந்ததும் பைகளைத் தூக்கும் அவசரத்தில் பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. சொசைட்டியில் குரோனிக்கிள் என்று ஒரு பதிவுத்தாள் தருவார்கள். பெற்ற தங்கம், அனுபவப் புள்ளி, செலவழித்த பொருள் எல்லாம் சரியா என்று மேசையிலேயே பாருங்கள். அடுத்த நடத்துநரிடம் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான். சண்டையில் ஒரு மருந்துக் குப்பியைக் குடித்தீர்களா இல்லையா என்பது நடத்துநருக்கும் உங்களுக்கும் அந்த நிமிடம் வரை நினைவிருக்கும்.