இலகு அச்சு தட்டிலிருந்து வந்ததா, அறையிலிருந்து வந்ததா? மென்படலக் காந்தவியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வவுனியாவில் எங்களிடம் மென்படலம் (தட்டின் மேல் ஏற்றும் மிக மெல்லிய உலோகப் படை) படிவிக்கப் பழக வருகிறவர்கள், முன்பு வந்தவர்கள் செய்த அதே தவறுகளை அதே வரிசையில் செய்கிறார்கள். விரல் பட்ட கண்ணாடி, கழுவாத தட்டு, பெயர் எழுதாத பெட்டி ஆகியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை உடனே குட்டு வாங்கித் தரும் தவறுகள். இரண்டாம் முறை யாரும் செய்வதில்லை. செய்தவருக்கே தெரியாமல் ஆய்வேட்டுக்குள் புகுந்துவிடுகிறவைதான் ஆபத்தானவை.

காந்த உலோகப் படலமொன்றின் காந்தமாக்கம் சில திசைகளில் தானாகவே படுத்துக்கொள்ளும்; அதுதான் இலகு அச்சு. வேறு திசைகளுக்கு இழுக்க வலுவான புலம் வேண்டும்; மிகக் கடினமான திசை கடின அச்சு. இந்தத் திசைச்சார்பை, படலம் உட்காரும் அடித்தட்டின் மேற்பரப்பைக் கொண்டே ஆளலாம். அணுப் படிகள் (ஓர் அணு அடுக்கு உயரமுள்ள படிக்கட்டுகள்), அயன் கற்றை கீறிய அலைவரிகள், ஒரே திசையில் தேய்த்த கோடுகள் எல்லாம் அதற்கு உதவும்.

"தட்டையானது" என்ற விற்பனையாளர் சொல்லை நம்புதல்

எந்தப் பளிங்கும் மிகச் சரியான தளத்தில் வெட்டப்படுவதில்லை. நாம் அடித்தட்டாகப் பாவிக்கும் மக்னீசியம் ஒட்சைட்டின் ஓர் அணுப் படி ஏறத்தாழ 0.21 நனோமீற்றர் உயரம். வெட்டு அரைப் பாகை சாய்ந்திருந்தாலே 24 நனோமீற்றருக்கு ஒரு படி வந்துவிடும். 4 பாகை என்றால் 3 நனோமீற்றருக்கு ஒன்று. சாய்வு எவ்வளவு, எந்தப் பக்கம் என்று தட்டின் பின்புறத்தில் குறித்துவைக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

தட்டை 90 பாகை திருப்பி வைத்துப் பார்க்காமலே பெருமையை அடித்தட்டுக்குக் கொடுத்தல்

என்னை இன்றைக்கும் எரிச்சலூட்டுவது இதுதான்.

ஒரு மாணவி படிகள் உள்ள தட்டின் மேல் பேர்மலோய் என்ற நிக்கல்-இரும்புக் கலப்புலோகத்தைப் படிவித்தார். மாதிரிகள் பஞ்சில் பொதிந்து கொழும்பு ரயிலில் போயின. அளவீட்டுக்கு முறை வருவதற்கே நெடுநாள் காத்திருந்தோம். வந்த தயக்க வளையங்கள் (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் மாறுவதைக் காட்டும் வரைபுகள்) பாடப்புத்தகத்தில் அச்சிடலாம் போல இருந்தன. படிகளின் வழியே இலகு அச்சு, குறுக்கே கடின அச்சு. சுவரொட்டி தயாராகிவிட்டது.

"தட்டைத் திருப்பி வைத்து ஒன்று படிவித்தீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லை சேர். இதுவே நன்றாக வந்திருக்கிறதே."

நன்றாக வந்ததுதான் பிரச்சினை. அதே தாங்கியில் தடிப்பை அளக்க வைத்த வெறும் கண்ணாடித் துண்டு ஒன்று கிடந்தது. அதையும் அனுப்பி அளந்தோம். படியே இல்லாத அந்தக் கண்ணாடியிலும் அதே திசையில் இலகு அச்சு.

காரணம் படிவிக்கும் வெற்றிட அறைக்குள் இருந்தது. தடிப்புமானிக்கு இடம் விடுவதற்காக, உலோகத்தை உருக்கும் தங்குதன் படகை யாரோ முன்பு பக்கவாட்டில் நகர்த்தியிருந்தார்கள். தாங்கிக்குக் கீழே 15 சென்றிமீற்றர், பக்கத்தில் 6 சென்றிமீற்றர். அப்படியானால் உலோக ஆவி ஏறத்தாழ 22 பாகை சரிவில் வந்து விழுகிறது. மாலை வெயிலில் வரப்பின் நிழல் வயலில் நீள்வது போல, முதலில் முளைத்த மணிகள் தமக்குப் பின்னால் நிழல் விழுத்துகின்றன. அந்த நிழலில் அணு வந்து சேராது. மணிகள் ஆவி வரும் திசைக்குக் குறுக்காகச் சங்கிலி கோத்துக்கொள்கின்றன. இலகு அச்சும் அந்தக் குறுக்குத் திசையிலேயே அமைகிறது. சரிவு 70 பாகையைத் தாண்டும் அளவுக்குப் போனால் மணிகள் ஆவியை நோக்கிச் சாய்ந்த தூண்களாக வளர்ந்து, அச்சு ஆவி வரும் திசைக்கே திரும்பிவிடும். 1959 இலேயே இதைப் பற்றிய கட்டுரைகள் வெளிவந்துவிட்டன. அன்று முதல் எத்தனை தலைமுறை மாணவர்கள் இதை மறுபடியும் "கண்டுபிடித்தார்களோ"!

பேர்மலோய் என்பது ஏறத்தாழ 80 பங்கு நிக்கலும் 20 பங்கு இரும்பும். அதன் பளிங்குத் திசைச்சார்பும் காந்த விகாரமும் (காந்தமாகும்போது நீளம் மாறும் இயல்பு) பூச்சியத்துக்கு அருகில் இருப்பதால், யார் தள்ளினாலும் அந்தப் பக்கம் போய்விடும். பம்பியின் காந்தம் தள்ளும், ஸ்பட்டரிங் தலையின் (அயன்களால் மோதி உலோக அணுக்களைத் தெறிக்கவிடும் கருவியின்) கசிவுப் புலம் தள்ளும். வன்னியில் இன்னொன்றும் உண்டு. நாம் காந்த மத்திய கோட்டுக்கு அருகில் இருப்பதால் பூமியின் புலம் இங்கே ஏறக்குறைய முழுவதும் கிடையாகவே இருக்கிறது, 0.4 கௌஸ் அளவு. கிடையாக வைத்த தட்டில் அது படலத்தின் தளத்திலேயே கிடக்கும். வட ஐரோப்பிய ஆய்வுகூடத்தில் அதே புலத்தின் பெரும்பகுதி தளத்துக்குச் செங்குத்தாகக் குத்தி நிற்கும். அங்கே எழுதிய செய்முறைக் குறிப்பு இதைச் சொல்லவில்லையே என்று குறைப்பட்டுப் பயனில்லை.

செய்ய வேண்டியது எளிது. ஒரே தட்டை இரண்டாக வெட்டுங்கள். ஒன்றை நேராகவும் மற்றதை 90 பாகை திருப்பியும் வையுங்கள். பக்கத்தில் ஒரு கண்ணாடி. மூன்றுக்கும் ஒரே தடவையில் படிவியுங்கள். அச்சு துண்டோடு திரும்பினால் அது தட்டினுடையது; திரும்பாமல் நின்றால் அறையினுடையது. பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். ஒரு துண்டில் அவை கூடும், மற்றதில் கழியும். இரண்டு துண்டுகளிலும் அளந்த திசைச்சார்பு மாறிலிகளை (திசைச்சார்பின் வலிமையை) படியின் திசையை வைத்துக் குறியோடு எழுதி, கூட்டிப் பாதியாக்கினால் தட்டின் பங்கு. கழித்துப் பாதியாக்கினால் அறையின் பங்கு. செலவு ஒரு கண்ணாடித் துண்டு.

அந்த மாணவியின் படிகள் உண்மையிலேயே ஏதாவது செய்தனவா என்பது மறுபடி படிவித்த பிறகுதான் தெரிந்தது. செய்தன. முதலில் எழுதியதில் சிறு பங்கு.

அச்சு எப்போதும் படியின் வழியே என்று நினைத்தல்

இல்லை. படிகள் கொண்ட வெள்ளியின் மேல் இரும்பு படிக்கு இணையாகக் கிடக்கும். தங்குதன் மேல் குறுக்காகக் கிடக்கும்.

இரும்பின் அச்சைத் தட்டின் விளிம்போடு ஒப்பிடுதல்

மக்னீசியம் ஒட்சைட்டின் மேல் இரும்புப் பளிங்கு 45 பாகை திரும்பி வளர்கிறது. மூலைவிட்டத்தைப் பாருங்கள்.

தடிப்பைக் கூட்டினால் விளைவு கூடும் என்ற நம்பிக்கை

நேர்மாறு. படியின் செல்வாக்கு இடைமுகத்தில் இருப்பதால் படலம் தடிக்கத் தடிக்க நீர்த்துப்போகும். அலைவரித் தட்டில் விளைவு அலையின் வீச்சினது வர்க்கத்தோடு ஏறும். அலைநீளத்தோடும் தடிப்போடும் இறங்கும். எனவே உழைப்பை வீச்சில் போடுங்கள். தடிப்பை மாற்றி அளக்கும்போது இரண்டு புள்ளிகளை வைத்துக் கோடு கீறிக்கொண்டு வராதீர்கள். எந்த இரண்டு புள்ளிக்கும் ஒரு கோடு பொருந்தும்.

காப்புப் படலம் இல்லாமல் வெளியே எடுத்தல்

கூடாது.

மாரியில் மக்னீசியம் ஒட்சைட்டைத் திறந்து வைத்தல்

ஐப்பசி தொடக்கம் தை வரை இங்கே காற்றே தண்ணீர். ஈரம் பட்ட மேற்பரப்பு ஐதரொட்சைட்டாக மாறிவிடும். நீங்கள் எண்ணி வாங்கிய படிகள் அதற்கடியில் போய்விடும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருந்தால் முதலில் அதை உலர்த்துங்கள். இரவு முழுக்கத் திறந்து கிடந்த தட்டை வெற்றிடத்தில் சூடாக்காமல் பாவிக்க வேண்டாம். மேலே சொன்ன ஒப்பீட்டுத் துண்டாகக்கூட வேண்டாம்.