ஆயில் பெயின்ட்டில் தாமிரபரணி: தண்ணீர்தான் தகராறு

திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளத்தில் முங்கும், வடிந்ததும் பழையபடி நிற்கும். அதை வரையப் போய் மூன்று கேன்வாஸ் பாழானது. நான்காவதில்தான் பிடி கிடைத்தது.

12க்கு 16 அங்குல கேன்வாஸ் போர்டு போதும். டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), அல்ட்ராமரின் நீலம், இவ்வளவுதான் வண்ணம். ட்யூப் பச்சை வாங்காதீர்கள். நீலத்தில் ஆக்கரைக் கலந்தால் வரும் மங்கல் பச்சைதான் கரையோர மருத மரத்துக்குப் பொருந்தும்.

பென்சில் கோடு போட்டதும் அம்பரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து இருட்டான இடங்களை நிரப்புங்கள். மறுநாள் காய்ந்திருக்கும். அடுத்தடுத்த பூச்சில் லின்சீட் (ஆளி விதை) எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். நான் அடியிலேயே எண்ணெயை ஊற்றிவிட்டேன். மேல்பூச்சு முதலில் காய்ந்து, பிறகு வானம் முழுக்க வெடிப்பு.

அப்புறம் வானம், மரம், மண்டபம் என்று தூரத்திலிருந்து கிட்டத்துக்கு வாருங்கள்.

இனி தண்ணீர். என் முதல் படத்தைப் படித்துறையில் துணி துவைத்த ஆச்சி எட்டிப் பார்த்து, "ஏல, நம்ம ஆறு எப்பம்ல நீலமா ஓடிச்சு?" என்றார். அன்றுதான் ஆற்றை ஒழுங்காகப் பார்த்தேன். காலடியில் தெரிவது மணலும் கல்லும், அதனால் பழுப்பு. தள்ளிப் போகப் போகத்தான் வானம் தெரியும். வானத்துக்குக் கலந்ததில் மிச்சம் வைத்து, துளி அம்பர் சேர்த்து அங்கே பூசுங்கள். மண்டபத்தின் நிழல், அதாவது நீரில் தெரியும் பிம்பம், அதற்கு நேர் கீழேதான் விழும். வெளிச்சமான சுவர் நீரில் ஒரு படி மங்கும், இருண்ட மரம் ஒரு படி வெளிறும். இரண்டையும் மேலே உள்ள அதே நிறத்தில் போட்டால் ஆறு கண்ணாடித் தகடாகிவிடும்.

பிரஷ்ஷை மேலிருந்து கீழாக இழுத்து நிழலைப் போடுங்கள். ஈரம் காயும் முன் சுத்தமான தட்டை பிரஷ்ஷால் படுக்கைவாட்டில் ஒரே ஒரு தடவை வருடுங்கள். நான் ஆசைப்பட்டு நாலு தடவை வருடினேன், சேறாகிவிட்டது. இதற்குப் பன்றிமுடி பிரஷ் வேண்டாம், வரி விழும். மெத்தென்ற நைலான்தான் சரி.

பின்சேர்க்கை: லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

இதே ஆற்றின் மேலுள்ள சுலோச்சன முதலியார் பாலத்தை வரையும் நண்பர் வளைவுகளின் நிழல் சரியாக வரவில்லை என்றார். மேலே வரைந்ததை அப்படியே தலைகீழாக்கியிருந்தார். கரையிலிருந்து பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிவதைவிட வளைவின் அடிப்பகுதி தண்ணீரில்தான் அதிகம் தெரியும். அதைக் கூட்டிப் போடச் சொன்னேன்.