சாலை மரண வழக்கு: முதல் தகவல் அறிக்கை முதல் தண்டனை வரை குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

சாலை விபத்தில் ஒருவரை இழந்த குடும்பத்தின் கைக்கு முதலில் வரும் ஆவணம் முதல் தகவல் அறிக்கை. துயரத்தின் நடுவே அதைப் படிக்க யாருக்கும் மனம் வராது. ஆயினும் வழக்கு பின்னாளில் நிற்குமா விழுமா என்பது பெரும்பாலும் அதிலுள்ள சில வரிகளைப் பொறுத்தே அமைவதால், அதன் நகலைக் கட்டணமின்றிப் பெற்று, நிதானமாக ஒருமுறை படித்துவிட வேண்டும். நகல் கேட்பது சட்டம் தந்த உரிமை.

முதலில் பார்க்க வேண்டியது சம்பவத் தேதி. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததென்றால் கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான, இந்திய தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவு பொருந்தும். அதில் அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டுகள் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அன்றோ அதற்குப் பின்னரோ நடந்ததென்றால் அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு பொருந்தும். அதில் 5 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு. பழைய சம்பவத்துக்குப் புதிய சட்டத்தின் கூடுதல் தண்டனையைக் கேட்க முடியாது. தகவல் தராமல் தப்பியோடும் ஓட்டுநருக்கு 10 ஆண்டுகள் வரை சிறை என்னும் 106(2) பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள்; லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பின் 2024 பிப்ரவரியில் வெளியான அறிவிக்கையில் அந்த உட்பிரிவு மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டது. காயமடைந்தவர் சில நாட்கள் சிகிச்சையில் இருந்து இறந்திருந்தால், காயத்துக்கான பிரிவு மரணத்துக்கான பிரிவாக மாற்றப்பட்டு நீதிமன்றத்துக்கு அறிக்கை சென்றதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

அடுத்தது, இவ்வழக்குகளின் உயிர்நாடி: ஓட்டுநரின் கவனக்குறைவுக்கான சான்று. பெரும்பாலான புகார்களில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற ஒரே வாசகம்தான் இருக்கும். இந்த வாசகத்தை மட்டும் நம்புவது பெரிய ஆபத்து. ‘அதிவேகம்’ என்று சாட்சி சொல்வதாலேயே கவனக்குறைவு நிரூபணமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே கூறிவிட்டது. ஆகவே ஓட்டுநர் உண்மையில் என்ன செய்தார் என்பதை, நேரில் பார்த்தவர் தாம் பார்த்த அளவில் வாக்குமூலத்தில் சொல்ல வேண்டும்: சிவப்பு விளக்கைத் தாண்டினாரா, எதிர்த்தடத்தில் ஏறினாரா, நடைபாதையில் மோதினாரா, கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தாரா. சம்பவ இட வரைபடம், பிரேதப் பரிசோதனை அறிக்கை, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை ஆகியவை இவ்விவரங்களோடு ஒத்துப்போக வேண்டும். பிரேக் பழுது என்ற எதிர்வாதத்தைப் பெரும்பாலும் அந்தக் கடைசி அறிக்கையை வைத்தே சோதிப்பார்கள். கண்காணிப்பு கேமரா பதிவுகள் விரைவில் அழிந்துவிடக்கூடும் என்பதால், அவற்றைக் கைப்பற்றுமாறு விசாரணை அதிகாரியிடம் உடனே எழுத்து மூலம் கேட்பது மிக அவசியம்.

இறந்தவரும் கவனக்குறைவாக இருந்தார் என்பது மட்டும் ஓட்டுநரைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிடாது. ஆனால் மரணத்துக்கு நேரடிக் காரணம் ஓட்டுநரின் செயல்தான் என்று நிறுவ முடியாவிட்டால் அவர் விடுதலையாவார்.

சில வழக்குகள் கவனக்குறைவு என்ற எல்லையைத் தாண்டியவை. தன் செயலால் மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே ஓட்டியிருந்தால், அது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகி, இப்போதைய 105-ஆம் பிரிவின் கீழ் 10 ஆண்டுகள் வரை சிறைக்கு இடமுண்டு. மும்பை கார்ட்டர் சாலையில் 2006-ல், குடித்திருந்த ஒருவர் ஓட்டிய கார் நடைபாதையில் உறங்கியவர்கள் மீது ஏறியதில் 7 பேர் இறந்தனர். விசாரணை நீதிமன்றம் 304அ-வின் கீழ் 6 மாதச் சிறை விதித்தது. உயர் நீதிமன்றம், அறிந்தே மரணம் விளைவித்த இக்குற்றத்துக்கான பழைய சட்டத்தின் 304-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியின் கீழ் 3 ஆண்டுகள் விதிக்க, 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பிரிவு மாறினால் எவ்வளவு மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எனவே மது அருந்தியதற்கான சான்று இருந்தும் 106(1) மட்டும் போடப்பட்டிருந்தால், குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே வழக்கறிஞர் மூலம் அதை எழுப்ப வேண்டும்.

தண்டனையைப் பொறுத்தவரை, 106(1)-இல் குறைந்தபட்ச அளவு இல்லை. அளவை நீதிபதியே தீர்மானிக்கிறார். 2015-ல் ஒரு வழக்கில், இழப்பீடு கொடுத்ததைக் காட்டி உயர் நீதிமன்றம் ஓராண்டுத் தண்டனையை ஏற்கெனவே சிறையில் கழித்த 24 நாட்களாகக் குறைத்தபோது, உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் 6 மாதமாக்கியது. இக்குற்றம் சமரசத்துக்குரிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. ‘பணம் வாங்கிக்கொண்டால் வழக்கு முடிந்துவிடும்’ என்று சொல்பவரின் பேச்சை நம்பி எதிலும் கையெழுத்திட வேண்டாம். இழப்பீட்டுக்கென மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தனியாக இருக்கிறது. மனுவுக்குச் சட்டம் வகுத்த காலக்கெடு 6 மாதம்.

விடுதலைத் தீர்ப்பையோ, குறைந்த குற்றத்துக்கான தண்டனைத் தீர்ப்பையோ, போதாத இழப்பீட்டையோ எதிர்த்து இறந்தவரின் சட்டப்படியான வாரிசுகளே மேல்முறையீடு செய்யலாம். தண்டனை போதாது என்ற ஒரே காரணத்துக்கு அந்த மேல்முறையீட்டு உரிமை அரசுக்கே உண்டு. ஆகவே தீர்ப்பின் நகல் கிடைத்த வாரத்திலேயே அரசு வழக்கறிஞரிடம் எழுத்து மூலம் கோரிக்கை கொடுத்து, அதற்கு ஒப்புகை பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.