முதல் தடவை 'ரூ' சமைக்கிறீர்களா?

"இந்த ஆர்வோ பார்பி போடுகிறோம், ரூவும் உண்டு, வந்துவிடு" என்று பக்கத்து வீட்டு ஆஸ்திரேலியர் கூப்பிட்டால் மிரள வேண்டாம். ஆர்வோ என்றால் பிற்பகல். பார்பி பொம்மையல்ல, பார்பிக்யூ. ரூ, நம் கங்காருதான். எந்தச் சொல்லையும் பாதியில் நறுக்கிவிடுவது அவர்கள் வழக்கம். ரூ சமைக்கும்போது நேரத்தையும் அப்படித்தான் நறுக்க வேண்டும்.

முதலில் கறி. கோல்ஸ், வூல்வொர்த்ஸ் என்ற சூப்பர் மார்க்கெட்டுகள் இரண்டிலும் கிடைக்கும். 2 செ.மீ. தடிமனுள்ள ஸ்டேக் துண்டாக எடுங்கள். கொத்துக்கறியைக் குழல்போல் அடைத்துச் செய்யும் சாசேஜை 'ஸ்னாக்' என்பார்கள். அதுவே கங்காரு சாசேஜ் என்றால் 'கங்கா பங்கா'! இது பண்ணையில் வளர்ந்த பிராணி அல்ல. காட்டில் திரிவதை, அரசு வகுத்த ஒதுக்கீட்டுக்குள் உரிமம் பெற்றவர்கள் வேட்டையாடுகிறார்கள். கொழுப்பு சுமார் 2 சதவீதம்தான். சிக்கலே அங்குதான். ஆட்டுக்கறி நினைப்பில் முக்கால் மணி நேரம் குழம்பில் கொதிக்கவிட்டேன். செருப்புத்தோலை மென்றதுபோல் இருந்தது. நீண்ட நேரம் வேகவைக்க வால்கறிதான் சரி.

சரி, அடுப்புக்கு வருவோம். கறியை 20 நிமிடம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, ஈரம் போகத் துடையுங்கள். எண்ணெயைச் சட்டியில் ஊற்றாமல் கறிமேல் தடவுங்கள். உப்பு, நசுக்கிய மிளகு போதும். சட்டி நன்றாகக் காய்ந்து புகை கிளம்பும்போது கறியைப் போட்டு, பக்கத்துக்கு 2 அல்லது 3 நிமிடம் விடுங்கள். ஒரே முறை திருப்புங்கள், கரண்டியால் அழுத்த வேண்டாம். இறக்கி 5 நிமிடம் மூடி வைத்தால் சாறு கறிக்குள்ளேயே தங்கும். அப்புறம் நாருக்குக் குறுக்காக மெல்லிசாக நறுக்குங்கள்.

உள்ளே சிவப்பாகத்தான் இருக்கும், பக்குவமே அதுதான். ஆனால் கர்ப்பிணிகளுக்கு இந்தப் பக்குவம் வேண்டாம். சிவப்பைப் பார்த்தாலே ஒப்பவில்லை என்பவர்கள் கொத்துக்கறி வாங்கி, கொஞ்சம் கூடுதல் எண்ணெயில் முழுக்க வதக்கிக்கொள்ளலாம்.

ஈமு கறியும் அங்கே சாப்பிடுவார்கள். கங்காரு, ஈமு இரண்டுமே அரசுச் சின்னத்தில் நிற்பவை. அதையே தட்டில் வைத்துத் தின்கிறோமே என்று அவர்களே கிண்டலடிப்பார்கள். முதலைக்கறி வெள்ளையாக, கோழிக்கும் மீனுக்கும் நடுவில் ஒரு ருசி.

விருந்துக்குக் கிளம்புமுன் இன்னொன்று: "தட்டு ஒன்று கொண்டு வா" என்று சொல்லியிருந்தால் காலித் தட்டோடு போய் நிற்காதீர்கள். எல்லாரும் பகிர்ந்து சாப்பிட ஒரு பதார்த்தம் செய்து வா என்று அர்த்தம். பருப்பு வடை நிமிஷத்தில் தீர்ந்துபோகும்.