முளைப்பாரியை விதைச் சோதனையாகவும் வளர்ப்பது எப்படி?

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டக் கிராமங்களில் அம்மன் திருவிழாவுக்காகப் பெண்கள் வளர்க்கும் முளைப்பாரி, எடுத்து வைத்த விதை வரும் பட்டத்துக்கு உதவுமா என்பதை விதைப்புக்கு முன்பே காட்டிவிடக்கூடியது. இன்று பல வீடுகளில் கடைப் பயறுகளைக் கலந்து தூவிவிடுவதால் சடங்கு மட்டும் நிற்கிறது, சோதனை போய்விட்டது.

முதலில் விதையைக் கவனிக்க வேண்டும். வரப்போரத்துச் செடிகளைத் தவிர்த்து, வயலின் நடுப்பகுதியில் கலப்பில்லாமல் நன்கு விளைந்தவற்றிலிருந்தே விதை எடுக்க வேண்டும். பயறைக் கடித்தால் நசுங்காமல் பட்டென்று உடையும் வரை காய வைக்க வேண்டும். உளுந்து, தட்டைப்பயறு போன்றவற்றில் பயறு வண்டு விதையின் மேல்தான் முட்டையிடுகிறது. அதனால் சலித்த சாம்பலைக் கலந்து மண்பானையில் வைத்து வாயை மூடுவது இன்றும் பயன்படும் முறை. துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்துச் சேமிப்பதும் இதற்காகத்தான். அமாவாசைதோறும் விதையை வெளியே எடுத்து வெயில் காட்டும் வழக்கத்துக்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். மாதம் ஒரு முறை பானையைத் திறந்து பார்க்க வைப்பதே அதன் பெரிய பலன் என்பது என் கருத்து.

முளைப்பாரி வளர்க்கும் மண் ஓட்டின் அடியில் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் கரம்பை மண்ணையும் (குளத்து வண்டல்) பொடித்த மாட்டெருவையும் இட்டு, ஊறவைத்த விதைகளைத் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்து அளவாகத் தண்ணீர் தெளிப்பது வழக்கம். முளைகள் வெளுத்து மஞ்சளாக நீளுவது இருட்டினால் ஏற்படுவதே அன்றி விதையின் குறை அன்று. அம்மனுக்கான முளைப்பாரியை வழக்கப்படியே வளர்க்கலாம். அதன் அருகிலேயே, எண்ணிப் பார்ப்பதற்கென்று ஒவ்வொரு விதை வகைக்கும் தனியாக ஓர் ஈரச் சணல் சாக்குத் துண்டை வைத்துக்கொள்ள வேண்டும். நல்லதாகப் பொறுக்காமல், பானையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் கைக்கு வந்தபடி 100 விதைகளை எடுத்து, வரிசையாக அடுக்கிச் சுருட்டி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, ஏழாம் நாள் பிரித்து எண்ணலாம். வேரும் குருத்தும் சேர்ந்து வந்தவற்றை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும். வேர் மட்டும் எட்டிப்பார்த்துப் பூஞ்சை பிடித்தவை சேராது.

இங்கே இரண்டு இடங்களில் ஏமாற வாய்ப்புண்டு. பாசிப்பயறிலும் உளுந்திலும் சில விதைகள் ஊறாமல் கல்லாகவே கிடக்கும். அவை செத்த விதைகள் அல்ல என்பதால் தனியாக எண்ணி வைக்க வேண்டும். அறுவடை முடிந்த கையோடு சோதிக்கும் நெல், குறிப்பாக நீண்டகாலச் சம்பா வகைகள், உறக்கத்தில் இருப்பதால் குறைவாக முளைக்கும். சில வாரங்கள் கழித்து மறுபடி பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

சான்று விதைக்கு, அதாவது தரச் சான்று பெற்று விற்கப்படும் விதைக்கு, நெல்லில் 80 விழுக்காடும், உளுந்து, பாசிப்பயறில் 75 விழுக்காடும் குறைந்த அளவு முளைப்புத்திறன். உங்கள் உளுந்து 60 மட்டுமே முளைத்தால், ஏக்கருக்கு 8 கிலோ விதைக்கும் இடத்தில் 10 கிலோ தேவைப்படும். அதற்கும் கீழே போனால் அந்த விதையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் நன்றாக முளைத்ததைக் கைமாற்றாகக் கேட்பதே நல்லது; ஊரே ஒரே நேரத்தில் முளைப்பாரி போடுவதால் யாருடைய விதை தேறியது என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் 2 கிலோ பாரம்பரிய நெல் விதை கொடுத்து மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பி வாங்கிய முறையை, பயறு வகைகளுக்கும் ஊரளவில் பின்பற்றலாம்.

தேறிய விதை முழுவதையும் ஒரே மழையை நம்பி விதைத்துவிடக் கூடாது. மானாவாரியில் முதல் மழைக்கு முளைத்தது அடுத்த மழை வராமல் கருகிவிடும் ஆண்டுகள் உண்டு என்பதால், மறுவிதைப்புக்கு வேண்டிய அளவைச் சாம்பல் கலந்த பானையிலேயே விட்டு வைக்க வேண்டும்.