வாடையில் விறைத்த குட்டிக்கு முதலில் பாலா, சூடா?

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் பக்கம் மார்கழி, தை மாதங்களில் மழையும் வாடையும் சேர்ந்து அடித்தால் பெரிய ஆடுகள் தாங்கிவிடும். ஈரத்தோடு பிறந்த குட்டி தாங்காது. இந்தப் பக்கத்து இனமான கொடி ஆட்டுக்கு முடியும் குட்டை, உடம்பில் கொழுப்பும் குறைவு.

1. கொட்டகையின் வடக்கும் கிழக்கும் பனையோலைத் தட்டி கட்டுங்கள். கூரைக்குக் கீழே ஒரு அடி திறந்தே இருக்கட்டும். தார்ப்பாயால் நாலு பக்கமும் மூடினால் மூத்திர நெடி உள்ளேயே தங்கி, குளிருக்குத் தப்பிய குட்டி நுரையீரல் காய்ச்சலில் போகும். ஆட்டின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். கண் எரிந்தால் காற்று போதவில்லை. தார்ப்பாயைவிட ஓலைத் தட்டிதான் நல்லது.

2. உவர் மண் தரை ஈரத்தை விடாது. மேட்டு மணல் கொட்டி, மேலே வைக்கோல் பரப்புங்கள். நனைந்ததை அன்றன்றே அள்ளுங்கள்.

3. குட்டி விழுந்ததும் சாக்கால் நன்றாகத் துவட்டி, தொப்புளில் டிஞ்சர் அயோடின் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வையுங்கள்.

4. துவண்டு கிடக்கும் குட்டிக்கு அவசரப்பட்டு வாயில் பால் ஊற்றுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. உறிஞ்சத் தெம்பில்லாத குட்டிக்கு அது நுரையீரலுக்குள் போகும். முதலில் டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 102 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தால் சரி. 99க்கும் 102க்கும் நடுவில் இருந்து, விரலைச் சப்பினால், துவட்டிவிட்டுப் பால் கொடுக்கலாம்.

99க்குக் கீழே என்றால் வயதைப் பாருங்கள். பிறந்து ஐந்து மணி நேரம் ஆகவில்லையா, உடனே சூடேற்றலாம். அதற்கு மேல் ஆகி, தலையையும் தூக்காமல் கிடந்தால், வெறுமனே சூடேற்றாதீர்கள். பிறக்கும்போது உடம்பில் இருந்த கொழுப்பு அதற்குள் தீர்ந்திருக்கும், ரத்தத்தில் சர்க்கரை இருக்காது. அந்த நிலையில் சூடு கொடுத்தால் வலிப்பு வந்து செத்துவிடும். கால்நடை மருத்துவர் வயிற்றுக்குள் குளுக்கோஸ் ஊசி போட்ட பிறகுதான் சூடு. கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். ஊசியை நீங்களே போட முயல வேண்டாம்.

5. சூடேற்ற அட்டைப்பெட்டி, வைக்கோல், துணி சுற்றிய வெந்நீர் பாட்டில்கள் போதும். துணி இல்லாமல் வைத்தால் தோல் வெந்துவிடும். பல்பு தொங்கவிடுவதாக இருந்தால் பழைய குண்டு பல்புதான், எல்.ஈ.டி.யில் சூடு வராது. ஓலையிலிருந்து தள்ளி, ஒயர் ஆட்டுக்கு எட்டாமல் கம்பியில் கட்டுங்கள். கொட்டகைக்குள் கங்கு வைக்கவே கூடாது. அரை மணிக்கு ஒரு தடவை சூடு பாருங்கள். 99 தாண்டி, தலை தூக்கி, விரலைச் சப்பத் தொடங்கியதும் கிலோவுக்கு 50 மில்லி சீம்பால். இரண்டு கிலோ குட்டிக்கு ஒரு வேளைக்கு 100 மில்லி, உடல் சூட்டு அளவுக்கு வெதுவெதுப்பாக.

பெரிய ஆடுகளுக்கு ராத்திரி கடலைக்கொடியோ சோளத்தட்டையோ கூடுதலாகப் போடுங்கள்; நார்த்தீவனம் செரிக்கும்போதுதான் உடம்பு சூடாகும். குளிருக்கு நல்லது என்று அரிசியும் கம்பும் திடீரென அள்ளி வைத்தால் வயிறு உப்பும், துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோயும் வரும். காலையில் பனி காயும் முன் மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள். ஈரப் புல்நுனியில்தான் குடற்புழுவின் இளம்புழுக்கள் ஏறி நிற்கும்.

கூடுதலாக ஒன்று: சில தெர்மாமீட்டர்கள் 90 டிகிரிக்குக் கீழே எண் காட்டாமல் ‘லோ’ என்று மட்டும் காட்டும். கருவி கெட்டுப்போச்சு என்று குட்டியை ஒதுக்கிவிடாதீர்கள். 99க்குக் கீழே சொன்னதையே அப்போதும் செய்யுங்கள்.