ரப்பர் விளைக்கு (தோட்டத்துக்கு) புல் வெட்டும் மிஷின் வாங்கும்முன்

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டியை யூடியூபில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் நிற்பது சரிவில், தட்டுத் தட்டாக வெட்டிய மண்ணில். அந்த வண்டி அங்கே குறுக்கே சரிந்தால் ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். சமநிலமான தென்னந்தோப்பு நிறைய இருந்தால் யோசிக்கலாம். மற்றவர்களுக்குத் தோளில் மாட்டும் மிஷின்தான் சரி.

2 ஸ்ட்ரோக் மிஷின் எடை குறைவு, சரிவுக்குத் தோது. ஆனால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். லிட்டருக்கு 20 மில்லியா 40 மில்லியா என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டைப் பாருங்கள், கடைக்காரர் சொல்லும் கைக்கணக்கை நம்ப வேண்டாம்.

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும், புல்லுக்கு ஓய்வே கிடையாது. மிஷினுக்குத்தான் இடையிடையே ஓய்வு, சிக்கலும் அங்கேதான். ஐப்பசி மழையில் மூலையில் வைத்ததைத் தையில் எடுத்தேன். எத்தனை இழுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. டேங்க் மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாடை. தேங்கிய பெட்ரோல் கெட்டு, எஞ்சினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டரில் பிசின் மாதிரி அடைப்பு. இப்போதெல்லாம் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுத்தான் வைக்கிறேன்.

ஏர் ஃபில்டரை அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம், இளங்கன்றுகளின் அருகே மிஷினில் சுழன்று புல்லை வெட்டும் நைலான் நரம்பைக் கொண்டுபோகாதீர்கள். பட்டை உரிந்துவிடும். அந்த ஒரு சாண் வட்டத்துக்கு அரிவாள் போதும்.